தாமதமாக உதித்த செவ்வாய்

எனக்கு வாயடைத்துப் போவது அபூர்வம். என் தங்கையைக் கேட்டால், "எங்கக்கா தூக்கத்துலகூட யாரையாவது திருத்திக்கிட்டுத்தான் இருப்பா" என்பாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு மத்தியானம், முழு வகுப்பும் பார்த்துக்கொண்டிருக்க, வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. கையில் சாக்பீஸ். காலடியில் நானே தரையில் கிழித்த கோடு. அந்தக் கோட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

கோள்கள் பாடத்தை நான் புத்தகத்தில் இருக்கிறபடி நடத்துவதில்லை. சூரியன் நடுவில் இருக்கிறது, பூமி அதைச் சுற்றுகிறது என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டால், பிள்ளைகள் "சரி மிஸ்" என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். மண்டைக்குள் ஒன்றும் இறங்காது. அதனால் முதல் நாள், பழைய காலத்து வானியல்காரர்கள் நம்பியதையே இவர்களையும் நம்பவைப்பேன். பூமி நடுவில், ஆடாமல் அசையாமல். சூரியன், சந்திரன், புதன், வெள்ளி, செவ்வாய் எல்லாம் அதைச் சுற்றுகின்றன. "வெளிய போய் நின்னு பாருங்க, தரை ஆடுதா? இல்லைல்ல? அப்புறம் என்ன?" என்று நான் பேசுகிற பேச்சில், நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே குழம்பிப்போவார்கள். மறுநாள் அவர்களை வைத்தே அதை உடைப்பேன். தலைமையாசிரியைக்கு இது பிடிக்காது. "நடுவுல ஒரு லீவு விழுந்தா பாதிப் பேர் தப்போடயே நின்னுடுவாங்களே" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பாடம் எடுப்பது நான்.

அன்றைக்கு ஹாலில் பெஞ்சுகளையெல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டு, நடுவில் ஒரு ஸ்டூல் போட்டேன். ஸ்டூலைச் சுற்றித் தரையில் பெரிய வட்டம். ஸ்டூலில் உட்காருகிறவர்தான் பூமி. எதிர்ச் சுவரில் இருக்கும் கடிகாரத்தையே பார்க்க வேண்டும். தலையைத் திருப்பக் கூடாது, கண்ணையும் உருட்டக் கூடாது. செவ்வாய் வேஷம் போட்டவன் கையில் சிவப்பு பலூனோடு முதுகுக்குப் பின்னாலிருந்து வட்டத்தில் நடந்து வருவான். அவன் கடைக்கண்ணில் தட்டுப்பட்டதும் பூமி "உதயம்" என்று கத்த வேண்டும். மறுபக்கம் மறைந்ததும் "அஸ்தமனம்". கத்திய இடத்தில் நான் சாக்பீஸால் ஒரு கோடு போடுவேன். யார் உட்கார்ந்தாலும் கோடு ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் விழும், தோளுக்கு நேராக. "பாத்தீங்களா, எல்லாருக்கும் ஒரே வானம்தான். அவங்க ஏன் அப்படி நம்பினாங்கன்னு இப்பப் புரியுதா?" என்று முடிப்பேன். வருஷா வருஷம் செய்வது.

செவ்வாய் வேஷத்துக்கு வகுப்பிலேயே உயரமானவனைப் பிடித்தேன். எல்லாரும் கொக்கு என்று கூப்பிடுகிற பையன். ஒவ்வொருவராக உட்கார்ந்து எழுந்தார்கள். கோடுகள் தோளுக்கு நேராக ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. அடுத்ததாகச் சுண்டெலி வந்து உட்கார்ந்தாள்.

சுண்டெலி என் தங்கை மகள். வயதுக்கு வளர்த்தியே இல்லை. அதனால் வீட்டிலும் வகுப்பிலும் அவளுக்கு அதுதான் பெயர். சாப்பாட்டை விடத் தண்ணீர்தான் அதிகம் உள்ளே போகும். பையில் எப்போதும் இரண்டு பாட்டில். பள்ளிக்கூடத்தில் என்னை மறந்தும் 'பெரியம்மா' என்று கூப்பிட மாட்டாள், மிஸ்தான். வீட்டில் அவள் எழுந்து நடந்தாலே நாங்கள் சாமான்களை ஓரங்கட்டுவோம். கதவில் தோளை இடிப்பாள், மேசை முனையில் இடுப்பை இடிப்பாள், பக்கத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிடுவாள். "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று தங்கை கேட்காத நாள் கிடையாது. சுண்டெலியும் சேர்ந்து சிரிப்பாள்.

கொக்கு பின்னாலிருந்து நடந்து வந்தான். அவளுடைய தோளைத் தாண்டினான். சத்தமே இல்லை. சாக்பீஸ் கோடுகளையெல்லாம் தாண்டினான். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்கள். தோளுக்கும் மூக்குக்கும் நடுவழி வந்ததும் அவள் திடுக்கிட்டு உடம்பைக் குலுக்கினாள்.

"உதயம்!"

அந்தப் பக்கமும் அதே கதைதான். அவன் இன்னும் எதிரே போய்க்கொண்டிருக்கும்போதே "அஸ்தமனம்" என்றுவிட்டாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சொந்தக்காரப் பெண் என்று வகுப்பில் சலுகை எடுத்துக்கொள்கிறாளோ என்று நினைத்தேன். "விளையாட்டு வீட்டுல வெச்சுக்கோ. ஒழுங்காப் பாத்துச் சொல்லு" என்றேன்.

"ஒழுங்காத்தான் மிஸ் சொன்னேன்."

கொக்கை மறுபடி நடக்கவிட்டேன். கோடு அதே இடத்தில் விழுந்தது. இம்மியும் நகரவில்லை. வேண்டுமென்றே குறும்பு செய்கிற பிள்ளை ஒரு தடவை இங்கே கத்தும், ஒரு தடவை அங்கே கத்தும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கத்தாது. கொக்கைச் செருப்பைக் கழற்றச் சொன்னேன். யாரும் மூச்சு விடக் கூடாது என்றேன். எதிர்த்திசையில் வரச் சொல்லி ஜாடை காட்டினேன்.

இந்தத் தடவை இன்னும் மோசம். அவளுடைய கன்னத்துக்குக் கிட்டத்தில் பலூனை நீட்டினான் அந்தப் பையன். அவள் கண் கொட்டாமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு, எப்போது வருவான் என்று காத்துக்கொண்டிருந்தாள். உதட்டில் 'உ' தயாராக இருந்தது.

"மிஸ், அவ வானத்துல எல்லாம் லேட்டா உதிக்குது மிஸ்" என்று யாரோ சொல்ல, ஹால் முழுக்கச் சிரித்தது. சுண்டெலியும் சிரித்தாள். நான்தான் வாயடைத்து நின்றேன்.

கடைசியில் ஸ்டூலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டேன். "அந்த ஓரத்துல உனக்கு என்ன தெரியுது? கறுப்பா இருக்கா? மங்கலா இருக்கா?"

"கறுப்பெல்லாம் இல்ல மிஸ். ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமே இல்லன்னா?"

அவள் யோசித்தாள். "உங்களுக்குத் தலைக்குப் பின்னால என்ன தெரியுது? அது மாதிரிதான்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எல்லாருக்கும் அப்படித்தானே மிஸ்?"

பாடத்தை எப்படி முடித்தேன், பெஞ்சுகளை யார் திரும்பப் போட்டார்கள், எதுவும் நினைவில்லை. "நாளைக்கு மீதி சொல்றேன், அவங்க எங்க தப்புப் பண்ணாங்கன்னு" என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. அந்த 'நாளைக்கு' வரவேயில்லை.

சாயங்காலம் அவளை நானே வீட்டுக்குக் கூட்டிப்போனேன். எப்போதும் பிள்ளைகளோடு சேர்ந்து போகிறவள். பெரிய சாலை வந்ததும் அவள் என்ன செய்கிறாள் என்று பார்ப்பதற்காக ஒன்றும் சொல்லாமல் பின்னால் நின்றேன். அவள் இடதுபக்கம் பார்க்கவில்லை, வலதுபக்கம் பார்க்கவில்லை. ஓரமாக நின்றாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் சாலையைக் கடக்கத் தொடங்கினார். உடனே அவருடைய முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு விடுவிடுவென்று போய்விட்டாள்.

ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். "இப்படித்தான் தினமும் ரோடு தாண்டறியா?"

"ஆமா பெரியம்மா. யாராவது போனா அவங்க பின்னாடியே போயிடுவேன். வண்டியெல்லாம் திடீர் திடீர்னு வருதுல்ல, எப்ப வரும்னே தெரியாது."

திடீரென்று. கடவுளே, எல்லாமே திடீரென்றுதான் வந்திருக்கிறது இந்தப் பெண்ணுக்கு. வண்டி, கதவு, மேசை, கொக்கு எல்லாமே. முன்னால் போகிற ஆள் அவசரக்காரனாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தேன். அங்கேயே ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் தன் பாட்டிலைத் திறந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

தங்கை அச்சகத்தில் புத்தகம் தைக்கிற வேலை பார்க்கிறாள். நாங்கள் போனபோது அப்போதுதான் வந்து கையில் ஒட்டிய பசையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் சொல்ல ஆரம்பித்ததுமே அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உனக்கு எதைப் பாத்தாலும் பாடம்தானாக்கா? புள்ளைக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. இப்பதான் கண்ணாடிக் கடையில கொண்டுபோய்க் காட்டினேன். எழுத்துப் பலகையில கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிச்சா. அந்த ஆளே அசந்துபோயிட்டாரு."

"நேராப் பாக்கறது நல்லாத்தான்டி இருக்கு. பக்கத்துல தெரியலங்கறேன்."

"அவ பராக்குப் பாக்கற புள்ளை. உனக்குத் தெரியாதா? நாலு வீட்டு யோசனை அவ தலையில. அதைப் போய் நோயாக்காதே."

வாயால் பேசி அவளை ஜெயிக்க யாராலும் முடியாது, என்னாலும் முடியாது. அடுப்படியில் இருந்த முக்காலியை இழுத்துப்போட்டுச் சுண்டெலியை உட்காரவைத்தேன். எதிரே தங்கையைத் தரையில் உட்காரவைத்தேன். இரண்டு முகமும் நேருக்கு நேர்.

"நீ உங்கம்மா மூக்கைப் பாரு. நீ அவ மூக்கைப் பாரு. ரெண்டு பேரும் அசையக் கூடாது."

"என்னக்கா கூத்து இது?"

"மூக்கைப் பாருடி."

சுண்டெலியை ஒரு கண்ணைப் பொத்திக்கொள்ளச் சொன்னேன். தங்கையையும் எதிர்க் கண்ணைப் பொத்தச் சொன்னேன். ஒரு கரண்டியை எடுத்து, இருவருக்கும் சரிபாதித் தூரத்தில், திறந்த கண்ணின் வெளிப்பக்கத்திலிருந்து மெல்ல உள்ளே கொண்டுவந்தேன்.

"தெரியுது" என்றாள் தங்கை உடனே, அலுப்போடு.

சுண்டெலி ஒன்றும் சொல்லவில்லை.

கரண்டி இன்னும் உள்ளே வந்தது. தங்கையின் கண் அகன்றது. கரண்டி வருகிறது, அவளுக்குத் தெரிகிறது, எதிரே மகளின் கண் தன் மூக்கின் மேலேயே அமைதியாக இருக்கிறது. அது இமைக்கக்கூட இல்லை. "சொல்லுடி" என்றாள் தங்கை. "சொல்லுடி, தெரியுதுன்னு சொல்லு." கெஞ்சலாக வந்தது குரல். கரண்டி சுண்டெலியின் மூக்குக்கு நேராக வந்து நின்றது.

"ஆங், இப்பத் தெரியுதும்மா."

அடுத்த கண்ணையும் பார்த்தோம். அதுவும் அப்படியே. தங்கை என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி, தானே ஒரு தடவை செய்து பார்த்தாள். பிறகு கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டாள்.

"நான் தினம் இவளைப் பிடரியில கண்ணான்னு கேட்டிருக்கேன்க்கா" என்றாள் கடைசியில்.

கண் ஆஸ்பத்திரியில் ஒரு இயந்திரம் வைத்திருந்தார்கள். வெள்ளைக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்க்காமல் பக்கவாட்டில் நிறுத்தியது போல. அதற்குள் முகத்தை வைத்து நடுவிலுள்ள விளக்கையே பார்க்க வேண்டும்; ஓரத்தில் எங்காவது புள்ளி மின்னினால் பட்டனை அமுக்க வேண்டும். இயந்திரத்தை இயக்குகிற பெண் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் சுண்டெலி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"பெரியம்மா, இதுலயும் நான்தான் பூமி."

இருட்டு அறையில் பட்டன் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். டக், டக் என்று கொஞ்சம் கேட்கும். பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்காது. அந்த மௌனத்தில் எத்தனை புள்ளிகள் அவளுக்குத் தெரியாமல் மின்னி அணைந்தனவோ. வெளியே வந்த தாளில் இரண்டு வட்டங்கள். இரண்டிலும் வெளிப்பாதி மை கொட்டியது போல் கறுத்துக் கிடந்தது.

அடுத்தடுத்து ஸ்கேன், ரத்தம், வேறொரு பெரிய ஆஸ்பத்திரி. தங்கையின் வீட்டுக்காரர் தான் ஓட்டிக்கொண்டிருந்த லாரியைப் பாதி வழியில் வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடிவந்தார். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். இரண்டு கண்ணிலிருந்தும் போகிற நரம்புகள் மூளைக்கு அடியில் ஒன்றையொன்று தாண்டிப் போகும் இடம். அதன்மேல் ஒரு கட்டி உட்கார்ந்து அமுக்கிக்கொண்டிருந்தது. வளர்த்தி நின்றது, தண்ணீராகக் குடிப்பது, எல்லாம் அதன் வேலைதான் என்றார்.

"இதுவரைக்கும் போயிருக்கிற பார்வை முழுசாத் திரும்பும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். ஆனா இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா இருக்கிறதும் போயிருக்கும்." பிறகு தாளைப் பார்த்தார். "யாரு கண்டுபிடிச்சது? இந்த வயசுப் புள்ளைங்க தானாச் சொல்லாதுங்களே."

"எங்கக்காதான், டாக்டரம்மா" என்றாள் தங்கை. "செவ்வாய் கிரகத்தைப் பத்திப் பாடம் எடுத்துக்கிட்டிருந்தா."

டாக்டரம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எனக்குப் பெருமைப்பட உடம்பில் தெம்பில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டிலில் சாய்ந்து உட்காரலாம் என்று சொன்ன அன்றைக்குத் தங்கை டம்ளரிலிருந்து ஸ்பூனை எடுத்து என்னிடம் நீட்டினாள். "நீ பாருக்கா. என்னால முடியாது."

சுண்டெலி கேட்காமலே அம்மாவின் மூக்கைப் பார்த்து உட்கார்ந்தாள். ஒரு கண், பிறகு மறு கண். இடப்பக்கம் முன்னைவிடக் கொஞ்சம் முன்னாலேயே "உதயம்" என்றாள். தங்கை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். வலப்பக்கம் போனேன். ஸ்பூன் வந்தது, வந்தது, மூக்குவரை வந்துவிட்டது. மாற்றமே இல்லை. இன்னொரு தடவை பார்த்தேன். இல்லை. எல்லாம் திரும்பிவிடும் என்று நான் அத்தனை நம்பியிருக்கிறேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஸ்பூன் கையிலிருந்து நழுவிக் கட்டிலுக்கடியில் போய்விழுந்தது.

சுண்டெலிக்கு எங்கள் முகமே சொல்லிவிட்டது. கொஞ்ச நேரம் போர்வையை நிமிண்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "பெரியம்மா, அன்னைக்கு மிச்சத்தை நீங்க சொல்லவேயில்ல" என்றாள்.

"எதை?"

"அந்தக் காலத்து ஆளுங்க எங்க தப்புப் பண்ணாங்கன்னு."

பேசுகிற நிலைமையில் நான் இல்லை. ஆனாலும் கேட்டது மாணவி. "பூமி அசையாம இருக்குன்னு நினைச்சாங்க பாரு, அதுதான் தப்பு. பூமி ஒரு இடத்துல உக்காந்திருக்கலடா. தானும் திரும்பிக்கிட்டே சூரியனையும் சுத்துது. அது திரும்பறதாலதான் ஒவ்வொண்ணா நமக்குத் தெரியுது."

"அப்ப அந்த ஸ்டூல்ல தலையைத் திருப்பியிருக்கலாமா?"

"திருப்பியிருக்கலாம்."

"நீங்கதானே கூடாதுன்னீங்க" என்று சொல்லிவிட்டு, வலிக்காத அளவுக்குத் தலையை மெதுவாக வலதுபக்கம் திருப்பினாள். ஜன்னல், தண்ணீர்க் குடுவை, பக்கத்துக் கட்டில், அதில் படுத்திருந்த குழந்தை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். "இதெல்லாம் இங்கயா இருந்துச்சு?" என்றாள். வந்த நாளிலிருந்து அவள் இதே கட்டிலில்தான் இருந்தாள். தங்கை வெளியே எழுந்துபோய் அழுதாள். நான் அங்கேயே அழுதேன்.

அவள் மறுபடி பள்ளிக்கூடம் வந்த முதல் நாள், சாயங்காலம் நான்தான் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அதே பெரிய சாலை. ஓரத்தில் நின்றோம். எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் கடந்துபோனார்கள். அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் ஓடப்போகிறாளோ என்று எனக்கு உயிர் கையில் இல்லை. அவள் ஓடவில்லை. முகவாய் தோளைத் தொடுகிற அளவுக்கு இடதுபக்கம் திரும்பிப் பார்த்தாள், பிறகு அதேபோல் வலதுபக்கம் திரும்பினாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்புகிற அழகை, அந்தச் சின்னக் கழுத்தை. பார்த்துக்கொண்டே, சாலை காலியாகத்தான் இருக்கிறது என்கிற நினைப்பில், ஒரு கால் கீழே வைத்துவிட்டேன்.

"பெரியம்மா!"

என் கை பிய்ந்துபோகிற மாதிரி இழுத்தாள். நான் தடுமாறிப் பின்னால் விழப்போனேன். வலதுபக்கத்திலிருந்து வந்த மோட்டார் பைக் ஒன்று என் புடவை ஓரத்தை உரசிக்கொண்டு பறந்தது. ஹாரன்கூட அடிக்கவில்லை பாவி.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கையை விடாமல், இன்னொரு தடவை இடதுபக்கம் முழுசாகத் திரும்பினாள், வலதுபக்கம் முழுசாகத் திரும்பினாள்.

"இப்ப வாங்க" என்றாள். நான் அவள் பின்னாலேயே போனேன்.